குரோமா, ஃபயர்ஃபாக்ஸா, உலாவா? பழைய போனுக்கும் பழைய லேப்டாப்புக்கும் எந்த பிரவுசர்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக் கொடுப்பவன் நான். அதனால் இந்தக் கேள்வி பல வடிவங்களில் என்னிடம் வரும். அண்ணன் படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப்பை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் வியாசர்பாடி மாணவி, "குரோம் திறந்தாலே மெஷின் நின்னுடுதுண்ணா, வேற என்ன போடலாம்?" என்று கேட்கிறார். திருவொற்றியூரில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடைக்காரருக்கோ அரசு தளம் பாதியில் மக்கர் செய்யாமல் இருந்தால் போதும். எம்.சி. ரோடு துணிக்கடையில் வேலை செய்யும் தம்பிக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபிதான் டேட்டா, அதில் பாதி விளம்பரத்துக்கே போகிறது என்ற கவலை. இப்போதெல்லாம் கூடவே இன்னொரு கேள்வியும் வருகிறது: "உலான்னு நம்ம ஊர் பிரவுசர் ஒண்ணு இருக்காமே, அது எப்படி?"

எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். அதற்கு முன் என் சார்பைச் சொல்லிவிடுவது நியாயம். நான் ஃபயர்ஃபாக்ஸ் ஆள். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோட் பரவாத நாட்களில் தமிழ்ச் செய்தித் தளங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி எழுத்துரு வைத்திருந்தன. அவற்றில் பல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் ஒழுங்காகத் தெரியும். அந்தச் சமயத்தில் ஃபயர்ஃபாக்ஸில் 'பத்மா' என்ற நீட்சியை (எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்) போட்டால் அந்த எழுத்துருக்களை அங்கேயே யூனிகோடாக மாற்றிக் காட்டும். தமிழ் படிக்க வழிசெய்த பிரவுசர் என்று அன்று வந்த பிடிப்பு இன்றும் போகவில்லை. அதற்காகக் கீழே எங்கேயும் எடையைக் கூட்டிப் போடவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் தோற்கும் இடங்களையும் சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதலில் உங்கள் மெஷின். எவ்வளவு ராம், எந்த விண்டோஸ், எந்த ஆண்ட்ராய்டு. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன பிரவுசரில் வங்கிக் கணக்கைத் திறக்கவே கூடாது. அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது இதுதான்.

இரண்டாவது விளம்பரம். டேட்டா வீணாவதோடு பிரச்சினை முடிவதில்லை. பெரிய பச்சைப் பொத்தானில் 'டவுன்லோடு' என்று இருக்கும், அழுத்தினால் வேறு ஏதோ ஆப் இறங்கும். கஸ்டமர் கேர் எண் என்று தேடினால் போலி எண் விளம்பரமாக முதலில் வந்து நிற்கும். வீட்டில் ஒரே போனை அம்மா, பாட்டி, பிள்ளைகள் எல்லோரும் எடுக்கிறார்கள் என்றால், விளம்பரத்தைத் தடுப்பதே பெரிய பாதுகாப்பு.

மூன்றாவது, அரசு தளமும் பணம் கட்டும் தளமும் சிக்கலில்லாமல் ஓடுகிறதா என்பது. நான்காவது, அந்த பிரவுசரைச் செய்யும் நிறுவனம் எதில் சம்பாதிக்கிறது என்பது. நமக்கு இலவசமாக வருகிற பொருளுக்கு யாரோ பணம் கொடுக்கிறார்கள். அது யார் என்று தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

கடைசி அளவுகோலைப் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. உள்ளே ஓடுவது எந்த எஞ்சின், அதாவது தளத்தின் நிரலைப் படித்துத் திரையில் பக்கமாகக் காட்டும் பகுதி எது? ஒரே எஞ்சின் போட்ட ஷேர் ஆட்டோக்களுக்கு வேறுவேறு பெயின்ட் அடித்த மாதிரிதான் இன்றைய பிரவுசர் சந்தை. குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி, சாம்சங் இன்டர்நெட், உலா எல்லாமே கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம் என்ற திறந்தமூல பிரவுசர் நிரலின் மேல் கட்டியவை. அவற்றின் எஞ்சின் பெயர் பிளிங்க். ஃபயர்ஃபாக்ஸிடம் கெக்கோ என்ற சொந்த எஞ்சின் இருக்கிறது. ஆப்பிளிடம் வெப்கிட். பரவலாகப் பயன்படுபவை இந்த மூன்றுதான். நம் ஊர் ஐபோனில் எந்த பிரவுசரை இறக்கினாலும் உள்ளே இருப்பது வெப்கிட்தான் என்பதால், ஐபோன்காரர்களுக்கு இந்தக் கட்டுரையில் தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை. சஃபாரியில் ஒரு விளம்பரத் தடுப்பானைப் போட்டுக்கொண்டால் போதும்.

எஞ்சின் ஒன்றாகிவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது. அன்றைய முன்னணி பிரவுசரான நெட்ஸ்கேப்பை வீழ்த்திவிட்டு 2000-களின் தொடக்கத்தில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துக்கொண்டது. 2001-ல் ஆறாம் பதிப்பு வந்தது. ஏழாம் பதிப்பு வர 2006 ஆனது. நடுவில் ஐந்து வருஷம் பெரிதாக எதுவும் நகரவில்லை. போட்டியாளர் இல்லை, பிறகு எதற்கு அவசரம்? 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்து ஆட்களை இழுத்த பிறகுதான் மைக்ரோசாஃப்ட் விழித்தது. இன்று குரோம் உலக அளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வைத்திருக்கிறது, இந்தியாவில் அதைவிட அதிகம். ஒருகாலத்தில் முப்பது சதவீதத்தைத் தொட்ட ஃபயர்ஃபாக்ஸ் இரண்டு, மூன்று சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. எனக்கு இது கவலையாகவே இருக்கிறது.

## குரோம்

2008-ல் வந்தபோது குரோம் உண்மையிலேயே வேகமாக இருந்தது. ஒரு டேப் விழுந்தால் மற்ற டேப்கள் பிழைத்துக்கொண்டன. அந்தப் பெருமையை மறுக்க மாட்டேன். இன்றும் அதன் பெரிய பலம், தளங்களை உருவாக்குகிறவர்கள் முதலில் சோதித்துப் பார்ப்பது குரோமில்தான் என்பது. விண்ணப்பம், ஹால் டிக்கெட், ரயில் டிக்கெட், பட்டா, மின் கட்டணம் என்று நாள் முழுக்க அரசு தளங்களிலேயே உட்கார்ந்திருக்கும் திருவொற்றியூர் கடைக்காரருக்குக் குரோம்தான் சரி. வரிசையில் ஆள் நிற்கும்போது பிரவுசர் கொள்கை பேச முடியாது.

மறைந்திருக்கும் செலவு வேறு. கூகுளின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது. நம்மைத் தளத்துக்குத் தளம் பின்தொடரும் மூன்றாம் தரப்பு குக்கிகளை (தளங்கள் நம் பிரவுசரில் போட்டுவைக்கும் சிறு அடையாளக் குறிப்புகள்) நீக்கப்போவதாகக் கூகுள் 2020-ல் அறிவித்தது. பலமுறை தள்ளிப்போட்டு, கடைசியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. இன்னொன்று, நீட்சிகளுக்கான விதியை 'மேனிஃபெஸ்ட் வி3' என்று மாற்றியது. அதனால் யூபிளாக் ஆரிஜின் என்ற சிறந்த விளம்பரத் தடுப்பான் குரோமில் நின்றுபோனது. அதன் சுருக்கப் பதிப்பான 'லைட்' ஓடுகிறது, ஆனால் பழைய பலம் அதில் இல்லை. ஆண்ட்ராய்டு குரோமிலோ நீட்சியே போட முடியாது. எம்.சி. ரோடு தம்பியின் டேட்டா கவலைக்குக் குரோமில் வழி கிடையாது.

பழைய மெஷின்காரர்கள் இதையும் கவனியுங்கள். விண்டோஸ் 7, 8.1 இரண்டுக்கும் குரோம் 109-தான் கடைசி. 2023 பிப்ரவரியோடு அது முடிந்தது. ஆண்ட்ராய்டில் குரோம் 139 முதல் குறைந்தது ஆண்ட்ராய்டு 10 வேண்டும். பர்மா பஜாரில் செகண்ட் ஹேண்ட் போன் வாங்குகிறவர்கள் முதலில் ஆண்ட்ராய்டு எண்ணைப் பாருங்கள், கேமராவை அப்புறம் பார்க்கலாம்.

## ஃபயர்ஃபாக்ஸ்

நான் ஃபயர்ஃபாக்ஸைப் பரிந்துரைக்க முதல் காரணம் ஆண்ட்ராய்டு. 2023 டிசம்பரிலிருந்து நூற்றுக்கணக்கான நீட்சிகள் ஃபயர்ஃபாக்ஸ் போன் பதிப்பிலும் கிடைக்கின்றன. யூபிளாக் ஆரிஜினின் முழுப் பதிப்பு அதில் ஓடுகிறது. பட்டியலில் தேடி ஒரு தட்டு தட்டினால் வேலை முடிந்தது. தமிழ்ச் செய்தித் தளங்களை அதற்கு முன்னும் பின்னும் திறந்து பாருங்கள். செய்தியை மறைத்துக்கொண்டு எழும் பெட்டிகள், தானாக ஓடும் வீடியோ எல்லாம் போய், படிக்க வந்த செய்தி மட்டும் கண்ணில் படும். டேட்டாவும் மிச்சம், ராம் குறைந்த போன் சூடாவதும் குறையும்.

ஒரே போனைப் பலர் எடுக்கும் வீடுகளுக்கு இன்னொரு வசதி. வெளியேறும்போது எல்லாத் தடயத்தையும் அழித்துவிடும்படி இதில் செட் செய்யலாம். அம்மா பார்த்த மருத்துவ விஷயம் மகனுக்குத் தெரிய வேண்டியதில்லை. மகள் விண்ணப்பித்த வேலை, வீட்டுக்கு வந்த சித்தப்பாவுக்குத் தெரிய வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் அந்தத் தளத்துக்குள்ளேயே அடைத்துவைக்கும் பாதுகாப்பு தானாகவே இயங்குகிறது. ஒரு கடைத் தளத்தில் செருப்பு பார்த்தால் அந்தச் செருப்பு ஊரெல்லாம் துரத்துவது இதில் பெருமளவு குறையும்.

பழைய லேப்டாப்பிலும் ஃபயர்ஃபாக்ஸ்தான் நீண்ட நாள் கைகொடுத்தது. விண்டோஸ் 7-ஐக் குரோம் விட்டுவிட்ட பிறகும் ஃபயர்ஃபாக்ஸ் 115-ன் நீண்ட ஆதரவுப் பதிப்புக்கு, அதைச் செய்யும் மொசில்லா காலக்கெடுவை மேலும் மேலும் நீட்டித்துப் பாதுகாப்பு அப்டேட் கொடுத்தது. ஆனாலும் வியாசர்பாடி மாணவிக்கு நான் சொல்லும் வழி வேறு. பழைய விண்டோஸைப் பிடித்துத் தொங்க வேண்டாம். அரசு லேப்டாப்களில் தொடக்கத்தில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது, நினைவிருக்கும். அதைப் போலவே இன்று விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம். ஃபயர்ஃபாக்ஸ் அதிலேயே வரும், அப்டேட்டும் தொடர்ந்து கிடைக்கும். இரண்டு ஜிபி ராமுக்கு எந்த பிரவுசரும் அதிசயம் செய்யாது.  முதலில் அதை நான்கு ஜிபியாக்கி, முடிந்தால் ஹார்டு டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள். பிரவுசரை மாற்றுவதைவிட இது பல மடங்கு பலன் தரும்.

இனி குறைகள். சில தளங்கள் ஃபயர்ஃபாக்ஸில் தடுமாறும். கட்டணப் பக்கத்தில் சுற்றிக்கொண்டே இருப்பது, வீடியோ அழைப்பில் ஏதோ ஒரு வசதி இல்லாமல் போவது என்று அவ்வப்போது நடக்கும். பணம் போய், ரசீது வராமல் நின்ற அனுபவம் எனக்கே உண்டு. அதனால் ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்கள் இரண்டாவதாக ஒரு குரோமியம் பிரவுசரும் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆண்ட்ராய்டில் குரோம் ஏற்கெனவே இருப்பதால் இது பெரிய சுமை இல்லை.

இன்னும் ஆழமான குறை பணம் சம்பந்தப்பட்டது. மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, ஃபயர்ஃபாக்ஸில் கூகுள் தேடலை முன்னிருப்பாக (டீஃபால்ட்) வைப்பதற்குக் கூகுள் கொடுக்கும் பணம். போட்டியாளர் கொடுக்கும் காசில்தான் இந்த மாற்று வாழ்கிறது. அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்த கணக்குப்படி, இப்படி முன்னிருப்பு இடங்களுக்காகக் கூகுள் 2021-ல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில் நிவாரணம் அறிவிக்கும்போது, குரோமை விற்க வேண்டாம், தனி உரிமை ஒப்பந்தம் கூடாது, ஆனால் முன்னிருப்புக்குப் பணம் கொடுக்கலாம் என்று சொன்னார். அந்தப் பணத்தை முழுதாக நிறுத்தியிருந்தால் ஃபயர்ஃபாக்ஸே ஆட்டம் கண்டிருக்கும்.

2025 பிப்ரவரியில் மொசில்லா தன் பயன்பாட்டு விதிகளை மாற்றியபோது, "உங்கள் தகவலை ஒருபோதும் விற்க மாட்டோம்" என்ற பழைய உறுதிமொழியையும் எடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் விதிகளின் வாசகத்தைத் திருத்தியது. என்னைப் போல் நெடுநாள் கூட இருந்தவர்களுக்கு அது வலித்தது. இருந்தும் நான் விலகவில்லை. காரணம் எளியது. விலகினால் போகக்கூடிய இடமெல்லாம் குரோமியம்.

## பிரேவ்

எதையும் தேடிப்பிடித்துச் செட் செய்யப் பொறுமை இல்லாதவர்களுக்கு பிரேவ். நிறுவிய நொடியிலிருந்தே விளம்பரத்தையும் பின்தொடர்வதையும் தடுக்கும். குரோமியம் என்பதால் குரோமில் ஓடும் தளம் எல்லாம் பெரும்பாலும் இதிலும் ஓடும். தடுப்பானால் ஏதாவது பக்கம் உடைந்தால் சிங்கச் சின்னத்தைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை நிறுத்திக்கொள்ளலாம். எம்.சி. ரோடு தம்பிக்கு நான் போட்டுக் கொடுக்க விரும்புவது ஃபயர்ஃபாக்ஸ். ஆனால் அவர் செட்டிங்ஸ் பக்கமே போக மாட்டார் என்றால் பிரேவ்தான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

இதைத் தொடங்கியவர்களில் ஒருவர், இணையதளங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியை உருவாக்கிய பிரெண்டன் ஐக். மொசில்லாவிலிருந்து போனவர். நிறுவனம் தன் சொந்த விளம்பரங்களாலும் கிரிப்டோ டோக்கனாலும் சம்பாதிக்கப் பார்க்கிறது. 2020-ல் ஒரு கிரிப்டோ சந்தையின் முகவரியைத் தட்டினால் தன் கமிஷன் இணைப்பைத் தானே சேர்த்தது வெளியாகி, மன்னிப்புக் கேட்டு நிறுத்தினார்கள். பிரேவ் போட்டதும் டோக்கன், வாலட் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். முக்கியமாகப் பெரியவர்கள் கையில் போகும் போனில்.

## எட்ஜ்

விண்டோஸோடு வந்துவிடுகிறது என்பதாலேயே பலர் இதைத் தொடுவதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் எட்ஜ் எல்லாவற்றையும் தாண்டி நிற்கிறது. 'ரீட் அலவுட்' வசதியில் இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் என்று இரண்டு குரல்கள் இருக்கின்றன. இயந்திரக் குரல் என்று உறுத்தாத அளவுக்கு நன்றாகவே வாசிக்கின்றன. கண் மங்கிய தாத்தாவுக்கு நாளிதழ் தளத்தைத் திறந்துவைத்து வாசிக்கச் சொல்லலாம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பாடத்தைக் காதால் கேட்கலாம். இதற்காகவே எட்ஜை வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

மற்றபடி, 2020 ஜனவரியில் தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டும் குரோமியத்துக்கு வந்துவிட்டது. ஷாப்பிங் கூப்பன், செய்தி அட்டைகள், கோபைலட் என்ற ஏஐ உதவியாளர் என்று நாம் கேட்காததெல்லாம் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றாக நிறுத்த நேரம் ஒதுக்க வேண்டும்.

## ஓபராவும் ஓபரா மினியும்

நோக்கியா பட்டன் போனில் தமிழ் படித்தவர்களுக்கு ஓபரா மினி மேல் இருக்கும் பாசம் எனக்கு நன்றாகவே புரியும். அந்த போன்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். ஓபரா மினியின் முகவரிப் பட்டியில் opera:config என்பதைத் தமிழில் யாரோ சொல்லிக்கொடுத்தபடி தட்டி, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் தேர்வை மாற்றினால், தமிழ் முழுசாக வந்து நிற்கும். ஒரு தலைமுறை கைபேசியில் தமிழ் படித்தது அப்படித்தான்.

இன்றைய ஓபரா அதே நிறுவனம் இல்லை. 2013-ல் சொந்த எஞ்சினை விட்டது. 2016-ல் சீன முதலீட்டுக் குழு ஒன்று வாங்கியது. பழைய ஓபராவின் நிறுவனர்களில் ஒருவர் வெளியே வந்து தொடங்கியதுதான் விவால்டி. டேப்களை விதவிதமாக அடுக்கிவைக்க விரும்புகிறவர்களுக்கு அது நல்ல தேர்வு, ஆனால் பழைய லேப்டாப்புக்குக் கனம்.

ஓபரா மினி இப்போதும் டேட்டாவை மிச்சப்படுத்தும். எப்படி என்றால், பக்கத்தைத் தங்கள் சர்வரில் சுருக்கித்தான் நமக்கு அனுப்புகிறார்கள். அதிகச் சேமிப்பு முறையில் நாம் பார்ப்பது எல்லாம் அந்த சர்வர் வழியாகவே வருகிறது. செய்தி படிக்கலாம், கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கலாம். பாஸ்வேர்டோ ஓடிபியோ அதில் தட்டாதீர்கள். 2020 ஜூனில் தடைசெய்யப்பட்ட யூசி பிரவுசரின் கோப்பை எங்கிருந்தோ இறக்கிப் பயன்படுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.

## உலா

ஜோஹோ 2023 மே மாதம் வெளியிட்டது. மத்திய மின்னணு அமைச்சகம் நடத்திய இந்திய பிரவுசர் போட்டியில் 2025-ல் முதல் பரிசும் வாங்கியது. சென்னையில் வளர்ந்த நிறுவனம், தமிழ்ப் பெயர், மகிழ்ச்சி தரும் விஷயம்தான். விளம்பரத் தடுப்பு உள்ளேயே இருக்கிறது. வேலை, சொந்த விஷயம், குழந்தைகள் என்று தனித்தனி முறைகள் உண்டு. ஒரே கம்ப்யூட்டரைக் கடைக் கணக்குக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தப் பிரிப்பு ரொம்பவே உதவும். ஜோஹோ விளம்பரத்தில் வாழும் நிறுவனம் இல்லை, மென்பொருள் சந்தாவில் வாழ்கிறது. என் நான்காவது அளவுகோலில் உலாவுக்கு நல்ல மதிப்பெண்.

ஐந்தாவதில் இல்லை. உள்ளே குரோமியம். கூகுள் எஞ்சினில் ஒரு முடிவெடுத்தால் உலாவும் அதைச் சுமக்க வேண்டியதுதான். குரோமைவிட உலா எனக்கு உவப்பானது. ஆனால் அதைப் போட்டதும் ஏகபோகத்திலிருந்து வெளியே வந்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| பிரவுசர் | எஞ்சின் | போனில் விளம்பரத் தடுப்பு | யாருக்குச் சரி |
|---|---|---|---|
| குரோம் | பிளிங்க் | இல்லை | நாள் முழுக்க அரசு தள வேலை |
| ஃபயர்ஃபாக்ஸ் | கெக்கோ | நீட்சி வழியாக, முழு பலத்துடன் | வீட்டு போன், பழைய லேப்டாப், படிப்பு |
| பிரேவ் | பிளிங்க் | தொடக்கத்திலேயே | செட்டிங்ஸ் தொடாதவர்கள் |
| எட்ஜ் | பிளிங்க் | செட்டிங்ஸில் தேட வேண்டும் | தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேட்க |
| ஓபரா மினி | சர்வரில் சுருக்கம் | உண்டு | செய்தி மட்டும் |
| உலா | பிளிங்க் | உள்ளேயே | கடையும் வீடும் ஒரே மெஷினில் |

போலித் தளங்களை எச்சரிக்கும் விஷயத்தில் ஃபயர்ஃபாக்ஸ், பிரேவ் இரண்டும் கூகுளின் ஆபத்தான தளப் பட்டியலையே பயன்படுத்துகின்றன. எனவே குரோமை விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடுமோ என்ற பயம் வேண்டாம்.

## மாறுவது என்று முடிவெடுத்தால்

மாறுவதில் பெரிய தடை பழக்கமும் பாஸ்வேர்டும்தான். ஆண்ட்ராய்டில் குரோம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது என்பதே அதன் பாதி வெற்றி. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்ட வழக்கில், தன் ஆப்களையெல்லாம் ஒரே கட்டாகப் போனில் ஏற்றவைப்பதும் ஒரு முக்கியக் குற்றச்சாட்டு. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அந்த அபராதத்தை உறுதிசெய்தது. தீர்ப்பு வந்தாலும் நம் போனில் முன்னிருப்பை மாற்றுவது நம் கையில்தான். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் 'டீஃபால்ட் ஆப்ஸ்', அதில் பிரவுசர். இதைச் செய்யாவிட்டால் வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொரு இணைப்பும் மறுபடி குரோமிலேயே திறக்கும். மாறவில்லையே என்று இரண்டு நாளில் புது பிரவுசரைத் தூக்கிவிடுவீர்கள்.

கம்ப்யூட்டரில் ஃபயர்ஃபாக்ஸ் நிறுவும்போது புக்மார்க் போன்றவற்றைக் குரோமிலிருந்து எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். ஒப்புக்கொள்ளுங்கள். ஒரு மாதம் இரண்டையும் வைத்து ஓட்டுங்கள். எந்தத் தளம் தகராறு செய்கிறதோ அதை மட்டும் பழைய பிரவுசரில் புக்மார்க் செய்துகொள்ளுங்கள். பாஸ்வேர்டுகளைக் கோப்பாக இறக்கித்தான் மாற்ற வேண்டியிருந்தால், அந்தக் கோப்பில் எல்லாமே வெளிப்படையாக, யார் திறந்தாலும் படிக்கும்படி இருக்கும். வேலை முடிந்த கையோடு கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.